ஆறு நிமிடம்

செயல்பாட்டு மேலாண்மை: ஓர் அறிமுகம்.
முதல் செமஸ்டர், மூன்றாம் தாள்,
திங்கள் புதன் வெள்ளி, இரண்டாவது பீரியட்.

உச்சிப்புளி தாண்டி
ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் கல்லூரி.
கேட் மூடினால் நான் வெளியே, வகுப்பு உள்ளே.
அதையே முதல் பாடமாக வைத்தேன்.
வருகிற வேகத்தை
நிற்கிற நேரத்தால் பெருக்கு,
வரிசையின் நீளம் கிடைக்கும்.
நிமிடத்துக்கு மூன்று வண்டி, பத்து நிமிடம்,
முப்பது.
"முப்பத்தொண்ணு சார்" என்றான் மீராசா,
"குறுக்கே படுத்த மாட்டைச் சேர்க்கலையே."

பாடநூலில் கார் தொழிற்சாலை இருந்தது,
ஒரு பீட்சாக் கடை இருந்தது.
மூடி வைத்துவிட்டுச் சொன்னேன்:
கடிகாரத்தோடு போங்கள்.
ஏதாவது ஒரு வேலையைப் பக்கத்தில் நின்று பாருங்கள்.
எங்கே அடைக்கிறது?
குப்பி எவ்வளவு பெரிதானால் என்ன,
கழுத்து விடுகிற அளவுதான் தண்ணீர்.

மீராசா ஐஸ் கம்பெனிக்குப் போனான்.
கடலுக்குப் போகிற நாளில்
அத்தனை படகுக்கும் ஒரே நேரத்தில் ஐஸ் வேண்டும்;
போகாத நாளில் அரவை மிஷின் மேல்
பூனை தூங்குகிறது என்று எழுதினான்.
பூனைக்குப் படமும் வரைந்திருந்தான்.
ரோஸ்பெல் ரேஷன் கடைக்குப் போனாள்.
வலை இழுத்து ரேகை தேய்ந்த விரலை
மிஷினுக்கு அடையாளம் தெரியவில்லை,
ஒருவருக்கு நாலு முறை, சிலருக்கு ஒன்பது.

நம்புஈஸ்வரி எங்கும் போகவில்லை.
விடுமுறை நாளில் அவள் வேலை செய்கிற இடம்தான்,
மண்டபத்தில் நண்டுச் சதை எடுக்கும் கொட்டகை.
நாற்பது பெண்கள்.
ஓடு பிரித்து, கால் உடைத்து, சதை எடுத்து
ஒரு தட்டு நிரம்ப நாற்பத்தெட்டு நிமிடம்.
எடை பார்த்து நோட்டில் எழுத ஒரு நிமிடம்.
தராசு ஒன்றே ஒன்று.
தட்டோடு வரிசையில் நிற்பது
சராசரி ஆறு நிமிடம்.
தராசைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம்,
பக்கத்தில் "கழுத்து".

கடைசிக் கேள்வி: உன் பரிந்துரை என்ன? நான்கு மதிப்பெண்.
அங்கே வெறும் தாள்.
அழித்த தடம் மட்டும், ரப்பர் தூள் மடிப்பில்.

கூப்பிட்டுக் கேட்டேன்.
"தெரியும் சார். ரெண்டாவது தராசு.
எட்டாயிரம் ரூபா, மூணு மாசத்துல வந்துரும்,
கணக்கும் போட்டுட்டுத்தான் அழிச்சேன்."
பிறகு?
"அந்த ஆறு நிமிஷத்துலதான் சார் நிமிர்றோம்.
சந்தனமாரி அக்கா கட்டைவிரல் பிளாஸ்திரியை மாத்தும்.
ஜெனிட்டா போன் எடுத்து
புள்ள ஸ்கூல் விட்டு வந்துருச்சான்னு கேட்கும்.
நான் சும்மா ஜன்னல் வழியாப் பார்ப்பேன்,
தெரியறது ஜெனரேட்டர்தான்."

அப்படியானால் தராசு வேண்டாம் என்று எழுது,
காரணத்தோடு எழுது, முழு மதிப்பெண் தருகிறேன் என்றேன்.
கொஞ்சம் பெருந்தன்மையாகவே சொன்னேன் போலிருக்கிறது.
அவள் என்னைப் பார்த்த பார்வை
தப்பான விடைக்குக் கீழே இழுக்கிற கோடு.

"கிலோக் கணக்குல கூலி சார்.
நிக்கிற நேரத்துக்குக் காசு கிடையாது.
பாதிப் பேரு ரெண்டாவது தராசு வேணும்பாங்க,
சீட்டுக் கட்டணும்.
பாதிப் பேரு வேணாம்பாங்க.
நான் இன்னும் யாரையும் கேட்கலை."

சூப்பர்வைசர் ரிப்போர்ட்டைக் கேட்டாராம்.
சார் இன்னும் திருத்தலை என்று
சொல்லி வைத்திருக்கிறாள்.
"ஒரு பத்து நாள் ஆகும் சார். வரிசையில நிக்கும்போதுதான்
பேச முடியும்."

பாடத்திட்டத்தில் இதற்கு அலகு இல்லை.
ஐந்து அலகுகளையும் புரட்டிப் பார்த்தேன்.
நான்காவதில் இருப்பு மேலாண்மை,
ஐந்தாவதில் தரக் கட்டுப்பாடு.

மேசையில் ஐம்பத்திரண்டு ரிப்போர்ட்.
ஐம்பத்தொன்றுக்கு மதிப்பெண் போட்டாயிற்று,
பூனைக்கு அரை மதிப்பெண் கூடுதல்.
துறைத்தலைவர் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார்,
எங்கே அடைக்கிறது என்று கேட்டு.